உராய்வுக்கு முன்னால்



2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர், பலர் தீக்காயமடைந்தனர். இப்படி ஒவ்வொரு முறையும் செய்தியில் வரும் காரணம் ஒன்றுதான்: 'உராய்வு'.

உராய்வு தானாக வருவதில்லை. எண்ணிக்கைக்குத்தான் கூலி, கை வேகமானால்தான் காசு. நால்வருக்கு மேல் கூடாத அறையில் பத்துப் பேர். உரிமம் ஒருவர் பெயரில், ஆலை உள்குத்தகையில்.

அங்கே வேலை செய்பவர்களில் நிலமில்லாத தலித் பெண்கள் ஏராளம். கரிசலில் மழை பொய்த்தால் ஆலை வண்டிதான் கதி. என் அம்மாவும் அதில் ஏறியவர். கை கழுவிச் சோறு போட்டாலும் விரலிடுக்கில் அலுமினியப் பொடி மின்னும்.

இனி 'விபத்து' என்று படித்தால் கேளுங்கள்: அறையில் எத்தனை பேர்? கூலி எப்படி? ஆலை யார் கையில்?