வாவிக்கரையில் ஒரு பழைய மொழி



மட்டக்களப்பு வாவியை அண்டிய செட்டிபாளையத்திலே பள்ளிச் சிறுவன் ஒருவன் காலையிற் பாண் உண்கிறான்; சப்பாத்து அணிகிறான்; வகுப்பில் வாங்கில் அமர்கிறான். ஆசிரியர் கதிரையில் இருக்கிறார். புத்தகங்கள் அலுமாரியில் இருக்கின்றன. இச்சொற்களெல்லாம் போர்த்துக்கேயர் மொழியிலிருந்து வந்தவை என்பதை அவன் அறியான். அம்மொழியின் வழிவந்த பேச்சொன்று அயலிலேயே, மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியர் இல்லங்களில், இன்றும் வழங்குகின்றது.

போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தனர். 1638இல் ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றினர். ஆட்சி மறைந்தும் மொழி மறையவில்லை. தமிழோடு நெடுங்காலம் பழகியமையால், தமிழைப் போலவே வினைச்சொல்லை வாக்கியத்தின் இறுதியில் வைக்கும் இயல்பை அது பெற்றது. 1900இலேயே கோவா அறிஞர் தல்காதோ இலங்கைப் போர்த்துக்கேயத்தைப் பற்றி நூல் எழுதினார்.

இன்று அதன் நிலை இரங்கத்தக்கது. பிள்ளைகள் தமிழிற் கற்றனர்; தச்சுப் பட்டறையிலும் சந்தையிலும் தமிழே பயன்பட்டது; நாளடைவில் வீட்டிலும் தமிழே பேச்சாயிற்று. பலர் கடல் கடந்து குடியேறினர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை, பறங்கியர் செறிந்து வாழ்ந்த டச்பார்ப் பகுதியைச் சிதைத்தது. அயலவர் பிரிந்தால் பேசுவதற்குத் துணை ஏது?

ஆயினும் அம்மக்கள் சோர்ந்துவிடவில்லை. திருமண வீடுகளிற் கபிரிஞ்ஞா ஆட்டமும் பாட்டும் தொடர்கின்றன. லிஸ்பன் பல்கலைக்கழகத்து ஊகோ கார்தோசோவும் உடனாய்வாளரும் அண்மைக் காலத்தில் முதியோரின் பேச்சையும் பாடலையும் ஒலி, ஒளிப்பதிவு செய்தனர். மொழிக்கேற்ற எழுத்துமுறையொன்றையும் வகுத்தனர்.

பதிவு மட்டும் போதுமா? வட அமெரிக்காவின் ஒஜிப்வே மக்கள் போதாது என்று கண்டனர். விஸ்கொன்சின் மாநிலத்தில் 2001இல் ஒரு பள்ளியைத் தொடங்கிக் கணக்கு முதலிய பாடங்களையும் தம் மொழியிலேயே கற்பிக்கலாயினர். பெட்டகத்தில் வைத்த விதைநெல் கெடாதிருக்கலாம். வயலில் விதைத்தாலன்றி விளையாது. பாட்டிலே மட்டும் வாழும் மொழி, பசித்த குழந்தை சோறு கேட்கும் மொழியாக மீண்டும் ஆகவேண்டும்.

அக்கடமை முதலிற் பறங்கியர் இல்லங்களுக்குரியது. தமிழ் அயலவர்க்கும் அதிற் பங்குண்டு. வகுப்பிலுள்ள பறங்கிப் பிள்ளையை நோக்கி, “உன் பாட்டியார் இதனை எவ்வாறு சொல்வார்?” என்று ஆசிரியர் அன்போடு கேட்டால் போதும். அன்று மாலை அப்பிள்ளை பாட்டியிடம் சென்று கேட்கும். பாட்டி விடை சொல்லும் காலம் இன்னும் கடந்துவிடவில்லை.