கிறிஸ்துமஸ் விருந்தும் விளக்கு அலங்காரமும்

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். அமெரிக்காவில் ஒரு பெரிய ஓட்டலில் நடக்கும் கிறிஸ்துமஸ் விருந்தையும், அங்கே போடும் விளக்கு அலங்காரத்தையும் பற்றிச் சொல்லப் போகிறேன். "அங்கே நமக்கு இலையா போட்டு வைத்திருக்கிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். இலை போடவில்லைதான். ஆனால் ஒரு விருந்தில் யார் உட்காருகிறார்கள், யார் நின்று பரிமாறுகிறார்கள், சாப்பிட்டவர்கள் யாருக்கு நன்றி சொல்லுகிறார்கள் என்று பார்த்தால், அந்த நாட்டின் யோக்கியதை தெரிந்துபோகும். அதற்காகவே இதை எடுத்துக்கொண்டேன்.

அங்கே போய் வந்த ஒரு நண்பர் எனக்குப் படங்கள் காட்டினார். "பாரும், எவ்வளவு ஒளி! எல்லாம் ஆண்டவன் கிருபை" என்றார். "அப்படியானால் மின்சாரத்துக்குப் பணம் யார் கட்டுகிறார்கள்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டுப் பேசாமலிருந்தார். அவர் சொல்லாத பதிலைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ஓட்டலின் வைபவம்

டென்னஸி மாகாணத்தில் நாஷ்வில் என்ற நகரம் இருக்கிறது. அங்கே கம்பர்லாந்து ஆற்றங்கரையில் கேலார்டு ஓப்ரிலேண்டு என்னும் ஓட்டலை 1977-ல் திறந்தார்கள். 2,800-க்கு மேற்பட்ட அறைகள். கண்ணாடிக் கூரைக்கு அடியில் 9 ஏக்கர் தோட்டம். கட்டடத்துக்கு உள்ளேயே அருவி, உள்ளேயே ஆறு, ஆற்றிலே படகு. 1984 முதல் கிறிஸ்துமஸ் காலத்தில் தோட்டமும் மரமும் தாழ்வாரமும் லட்சக்கணக்கான மின்விளக்குகளால் ஜொலிக்கின்றன. பல வருஷங்களில் சீனாவின் ஹார்பின் நகரத்திலிருந்து கைத்தொழிலாளிகள் வந்து, சுமார் 20 லட்சம் பவுண்டு பனிக்கட்டியைச் செதுக்கி உருவங்கள் செய்திருக்கிறார்கள். பார்க்கப் போகிறவர்களுக்குக் குளிர் தாங்க மேலங்கி கொடுக்கிறார்கள் என்றால், நாள் முழுவதும் உளியும் கையுமாய் அங்கே நின்றவனுடைய விரல்களை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

விளக்கு எப்படி வந்தது?

பெத்லகேமில் நட்சத்திரம் உதித்ததாகச் சொல்லுகிறார்கள். இருக்கட்டும். மரத்தில் மின்விளக்கு உதித்தது 1882-ல், நியூயார்க்கில். எடிசனின் கூட்டாளியான எட்வர்டு ஜான்சன் என்பவர் தம் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்களில் 80 விளக்குகளைக் கட்டினார். அதற்கு முன் மரத்தில் மெழுகுவர்த்தி கொளுத்துவார்கள். மரம் பற்றிக்கொண்டு வீடும் எரியும். அந்த நெருப்பை வேதத்தைக் கொண்டு அணைக்க முடியவில்லை. மனித புத்திதான் நெருப்பில்லாத விளக்கைக் கண்டுபிடித்தது.

டென்னஸியின் மின்சாரத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1930-களில்கூட அமெரிக்கக் குடியானவர்களின் வீடுகளில் பத்தில் ஒன்பதுக்கு மின்சாரம் கிடையாது. கம்பி இழுத்தால் லாபம் வராது என்று கம்பெனிக்காரர்கள் அந்தப் பக்கமே போகவில்லை. 1933-ல் ரூஸ்வெல்ட் காலத்தில் டென்னஸி பள்ளத்தாக்கு அதிகார சபை என்று சர்க்காரே ஒன்றை ஏற்படுத்தி, அணைகள் கட்டி, மின்சாரம் எடுத்தது. அந்த அணைகளுக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டையும் நிலத்தையும் விட்டு வெளியேறின. ஆகவே அந்த ஓட்டலில் ஒரு விளக்கு எரிந்தால், அதன் பின்னால் விஞ்ஞானியின் மூளை இருக்கிறது. அணை கட்டியவனின் தோள் இருக்கிறது. நிலத்தை இழந்தவனின் கண்ணீரும் இருக்கிறது. கிருபை எந்தக் கம்பி வழியாக வந்தது?

விருந்தும் வேதமும்

இனி விருந்துக்கு வருவோம். அந்த நாட்டுக் கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் வான்கோழி உண்டு. உருளைக்கிழங்கு மசியல் உண்டு. கிரான்பெரி என்னும் சிவப்புப் பழத்தின் சாறு உண்டு. பன்றித் தொடைக்கறி உண்டு. கடைசியில் சாக்லேட் பலகாரம் உண்டு. இதில் வான்கோழி, உருளைக்கிழங்கு, கிரான்பெரி, சாக்லேட் ஆகிய நான்கும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குகள். கொலம்பஸுக்கு முன் பாலஸ்தீனத்தில் ஒருவரும் இவற்றைக் கண்டதில்லை. பன்றியோ, யூத தர்மத்தில் தள்ளப்பட்டது. ஏசு யூதராகப் பிறந்தவர். ஆகவே யாருடைய பிறந்தநாளோ அவரே வந்து உட்கார்ந்தால், நான்கு பண்டம் தெரியாது, ஐந்தாவது ஆகாது!

பிறந்த தேதியாவது நிச்சயமா? சுவிசேஷங்கள் நான்கிலும் தேதி கிடையாது. டிசம்பர் 25 என்ற கணக்கு ரோமாபுரியில் நான்காம் நூற்றாண்டில்தான் ஏட்டில் வருகிறது. அதே வேதத்தைப் படித்த பியூரிட்டன்கள், மாசசூசெட்ஸில் 1659-ல், கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டம் போட்டார்கள்; 1681-ல் எடுத்துவிட்டார்கள். ஒரு காலத்தில் கொண்டாடினால் பாவம்; இன்னொரு காலத்தில் கொண்டாடாவிட்டால் குறை. கடவுள் மனம் மாறினாரா, மனிதர்கள் மாறினார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

உட்கார்ந்து சாப்பிட்ட கதை

இதுவரை சொன்னது சிரிப்பதற்கு. இனிச் சொல்வது சிந்திப்பதற்கு. இன்று அந்த ஓட்டலில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இது எந்தக் கிறிஸ்துமஸ் தாத்தா கொண்டுவந்த வெகுமதி? அதே நாஷ்வில் நகரத்துக் கடைகளில் 1960-ல், கறுப்பு மக்கள் காசு கொடுத்துச் சாமான் வாங்கலாம். ஆனால் அதே கடைக்குள் இருக்கும் சிற்றுண்டிச் சாலையில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. அவர்கள் காசுக்குத் தீட்டு இல்லை, ஆளுக்குத்தான் தீட்டு!

அந்த வருஷம் பிப்ரவரியில் கறுப்பு மாணவர்கள் போய் உட்கார்ந்தார்கள். அவர்களை அடித்தார்கள், எரியும் சிகரெட்டை உடம்பில் வைத்து அழுத்தினார்கள். போலீசார் அடித்தவனை விட்டு, அடிபட்டவனைச் சிறையில் தள்ளினார்கள். கறுப்பு மக்கள் ஈஸ்டர் பண்டிகைக்குச் சாமான் வாங்க மறுத்தார்கள். வியாபாரிகளுக்கு அப்போதுதான் வலித்தது. ஏப்ரல் 19-ந் தேதி அவர்களுடைய வக்கீல் லூபியின் வீட்டில் வெடிகுண்டு போட்டார்கள். அன்றே ஆயிரக்கணக்கானோர் நகர மண்டபத்துக்கு நடந்தார்கள். அங்கே டயேன் நாஷ் என்ற மாணவி மேயரை நேருக்கு நேர் நிறுத்தி, நிறத்தைப் பார்த்து வேற்றுமை செய்வது தவறுதானா என்று கேட்டார். தவறுதான் என்று மேயர் ஒப்புக்கொண்டார். மே 10-ந் தேதி சிற்றுண்டிச் சாலைகள் திறந்தன. 1964-ல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது.

அந்த மாணவர்களில் பலர் கிறிஸ்தவர்களே. அவர்களுக்குப் பயிற்சி கொடுத்த ஜேம்ஸ் லாசனும் பாதிரியாரே. அதை நான் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களை அடித்தவர்களும் அதே கிறிஸ்துமஸைத்தான் கொண்டாடினார்கள். எனவே கதவைத் திறந்தது மதமல்ல. பயப்படாமல் போய் உட்கார்ந்த மனிதர்களின் மானமே.

இனாமா, கூலியா?

உட்கார இடம் கிடைத்துவிட்டது. நின்று பரிமாறுகிறவன் கதி என்ன? நான் எந்த ஓட்டலையும் குற்றம் சொல்ல வரவில்லை. அந்நாட்டுச் சட்டத்தைச் சொல்லுகிறேன். அங்கே மத்திய சர்க்கார் விதித்த குறைந்த கூலி 2009 முதல் மணிக்கு 7 டாலர் 25 செண்டு. டென்னஸியில் மாகாணத்துக்கென்று தனியாக ஒரு குறைந்த கூலிச் சட்டம் இல்லை. விருந்தாளியிடம் "டிப்ஸ்" என்னும் இனாம் வாங்குகிற வேலைக்காரனுக்கு முதலாளி தம் கையிலிருந்து கொடுக்க வேண்டியது 2 டாலர் 13 செண்டுதான். இது 1991-ல் வந்த கணக்கு. மீதி இனாமில் வரவேண்டும். வராவிட்டால்தான் முதலாளி அந்தக் குறையை நிரப்ப வேண்டும்.

இந்த வழக்கம் வேரூன்றியது எப்படி? 1865-ல் அடிமைத்தனம் ஒழிந்த பிறகு, விடுதலையான கறுப்பர்களைப் புல்மன் ரயில் கம்பெனி வேலைக்கு வைத்து, சொற்பக் கூலி கொடுத்து, மீதியை இனாமாக வாங்கிக்கொள் என்றது. பிரயாணிகள் அவர்களுடைய சொந்தப் பெயரைக்கூடச் சொல்லாமல், முதலாளியின் பெயரால் எல்லோரையும் "ஜார்ஜ்" என்றே கூப்பிட்டார்கள். 1925-ல் பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் கண்டு, 12 வருஷம் போராடி, 1937-ல் கம்பெனியைக் கையெழுத்துப் போட வைத்தார்கள். அவர்கள் கேட்டது தர்மமல்ல, கூலி. இனாம் வாங்குகிறவன் சிரித்துத்தான் ஆகவேண்டும். கூலி வாங்குகிறவன் நிமிர்ந்து நிற்கலாம்.

இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். 2010 மே மாதம் கம்பர்லாந்து ஆறு பெருகி, கேலார்டு ஓட்டலுக்குள் ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர் புகுந்தது. சுமார் 1,500 விருந்தாளிகளைப் பத்திரமாக வெளியேற்றினார்கள், நல்ல காரியம். ஓட்டல் மூடிக் கிடந்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளிகள் வேலை இழந்தார்கள். நவம்பரில் கிறிஸ்துமஸ் விளக்குக்கு நேரமாகத் திறந்துவிட்டார்கள். சேற்றை வாரி, சுவரைத் தேய்த்து, கம்பியை மறுபடி இழுத்து, அந்த விளக்கை எரிய வைத்தவை மனிதக் கைகள்தான்.

தோழர்களே! விளக்கு வேண்டாம், விருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மனிதன் சந்தோஷமாக இருக்கவேண்டியவனே. ஆனால் சாப்பிட்டு எழுந்து கூரையைப் பார்த்துக் கும்பிடுவதற்கு முன், எதிரே தட்டை எடுக்கிறவன் முகத்தைப் பார்க்கவேண்டும் என்கிறேன். நன்றி அவனுக்குச் சேரவேண்டியது. அதுவும் வாய் நன்றியாக இல்லாமல், நியாயமான கூலியாகச் சேரவேண்டியது. அவனும் அவன் மனைவி மக்களும் ஒருநாள் அதே மேஜையில் காசு கொடுத்து உட்கார்ந்து சாப்பிடும் காலம் வந்தால், அன்றைய விளக்கே விளக்கு என்று கூறி, என் வார்த்தையை முடித்துக்கொள்ளுகிறேன்.