தொழில் முயற்சியும் நாட்டு நலனும்

உயர்கல்வியோ தனித்திறமையோ உடைய தொழில் முயற்சியாளர், தம் முயற்சி அமெரிக்க நாட்டிற்கே முக்கியமானதென நிறுவுவாராயின், தொழில்தருநர் எவருமின்றியே அந்நாட்டில் நிரந்தரக் குடிவரவுக்கு மனுச் செய்யலாம். கடக்க வேண்டிய மூன்று படிகளுள் இதுவே முதலாவது.

இதற்கான அளவுகோலை 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று வகுத்தது. மனுதாரர் விண்ணூர்திப் பொறியியலாளர். அவருடைய ஆராய்ச்சி நாட்டு முக்கியத்துவம் உடையதென ஏற்கப்பட்டது. கற்பித்தலோ, சிறப்புடையதாயினும், அதன் பயன் கல்வித்துறையிற் பரந்து செல்லுமென நிறுவப்படவில்லை. ஆசிரியராகிய எமக்கு இது கசப்பே. எனினும் நியாயம் தெளிவு.

தொழில் நடத்துவோருக்கும் இதுவே விதி. துறையின் பெருமையைப் பேசுவது சான்றாகாது. ஒரே வட்டாரத்தில் நடக்கும் முயற்சியும் ஏற்கப்படலாம். ஆனால் நலிந்த ஊரில் எத்தனை பேருக்கு வேலை, எவ்வளவு பொருள்வளம் என்பதை நம்பத்தக்க கணக்கோடு காட்டல் வேண்டும். தமக்கு வரும் இலாபமன்று, பிறருக்குச் சேரும் பயனே அங்கு நிறுக்கப்படுகின்றது.