பிரசவ ஊனமும் தலையெழுத்தும்

(பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



பிரசவத்தின்போதும் அதையொட்டியும் வைத்தியக் கவலையீனத்தால் குழந்தைக்கு ஏற்படும் ஊனத்தைப் பற்றியும், அதற்குச் சட்டப்படி கிடைக்கக்கூடிய நஷ்டஈட்டைப் பற்றியும் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஒரு குழந்தை கை விளங்காமலோ, கண் தெரியாமலோ, மூளை சேதமடைந்தோ வீட்டுக்கு வந்தால் நம்மவர்கள் முதலில் எங்கே போகிறார்கள்? ஜோசியனிடம் போகிறார்கள். அவன் ஜாதகத்தைப் பார்த்து முன்ஜென்ம வினை என்கிறான். மாமியார், மருமகள் வந்த ராசி என்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி, கிரகணத்தன்று கத்தி பிடித்திருப்பாள் என்கிறாள். ஆகக்கூடி, நொந்து பெற்றவள்தான் குற்றவாளி! பிரசவ அறையில் நடந்ததென்ன என்று கேட்க மட்டும் ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

தோழர்களே! காரணமில்லாமல் காரியமில்லை. பிரசவ வலியின்போது குழந்தையின் இருதயத் துடிப்பு தாழ்வதைக் கவனிக்காமல் தாமதித்தால், பிராணவாயு குறைந்து மூளை சேதமடையலாம். தோள் சிக்கிக்கொண்ட குழந்தையின் தலையைப் பலமாக இழுத்தால், கழுத்து நரம்பு இழுபட்டுக் கை விளங்காமல் போகலாம். இவையெல்லாம் நவக்கிரகங்கள் செய்கிற வேலையா என்று கேட்கிறேன்.

அதற்காக, ஊனமாகப் பிறந்த குழந்தைகளெல்லாம் டாக்டரால் கெட்டவை என்று நான் சொல்ல வரவில்லை. கர்ப்பத்திலேயே ஏற்படுவதும் உண்டு. நல்ல டாக்டர் பாடுபட்டும் கைமீறிப் போவதும் உண்டு. முடிவு கெட்டதை மட்டும் வைத்துச் சட்டமும் குற்றம் சொல்வதில்லை. சாதாரணத் திறமையுள்ள ஒரு டாக்டர் செய்திருக்க வேண்டியதைச் செய்தாரா, இல்லையா என்றுதான் கேட்கிறது. ஆகையால் டாக்டரை அடிப்பதும், ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைப்பதும் ஜோசியனிடம் போவதைப் போன்ற அறிவீனமேயாகும்.

நமது சென்னையில் நடந்த சங்கதி ஒன்றைச் சொல்லுகிறேன். 1996-ஆம் வருஷம் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில், 29-ஆவது வாரத்திலேயே, 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இப்படிக் குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்குக் கண்ணின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வை போய்விடக்கூடும். பிறந்த சில வாரங்களுக்குள் கண்ணைச் சோதித்துச் சிகிச்சை செய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அந்தச் சோதனை செய்யப்படவில்லை. செய்ய வேண்டுமென்று பெற்றோருக்குச் சொல்லவுமில்லை. குழந்தைக்கு இரண்டு கண்ணும் போயிற்று.

பெற்றோர் வழக்குப் போட்டார்கள். தேசிய நுகர்வோர் கமிஷன் 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லிற்று. அதோடு நிற்காமல் உச்சநீதிமன்றத்துக்குப் போனார்கள். 2015-இல் அந்தக் கோர்ட்டு, அதுவரை ஆன வைத்தியச் செலவையும், அப்பெண் 70 வயது வரை வாழ்வதாகக் கொண்டு விலைவாசி ஏற்றத்தோடு கணக்கிட்ட வருங்காலச் செலவையும் சேர்த்து, சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. அரசாங்கமும் அதன் ஆஸ்பத்திரியுமே பெரும்பங்கைக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் தீர்ப்பு வந்தபோது அந்தப் பெண்ணுக்கு வயது 18! நியாயம் இத்தனை தாமதமாக வருவதும் ஓர் அநியாயமல்லவா?

பணம் கண்ணைக் கொடுக்குமா என்று சிலர் கேட்கலாம். கொடுக்காதுதான். ஆனால் பெற்றோர் கண்ணை மூடிய பிறகு அந்தப் பிள்ளைக்குச் சோறு போடுவது யார்? கைபிடித்து நடத்துவது யார்? முன்ஜென்ம வினை என்று சொன்ன ஜோசியனா? நஷ்டஈடு என்பது பிச்சையல்ல, தர்மமல்ல, பிள்ளையை விற்ற விலையுமல்ல. தவறு செய்தவன் கொடுக்க வேண்டிய பாக்கி.

வழி என்ன என்று கேட்பீர்கள். பணம் வாங்கிச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதென்று 1995-இல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. சிலரிடம் பணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் ஆஸ்பத்திரியும் அதில் அடங்கும். எல்லோருக்குமே இலவசம் என்றால் சிவில் கோர்ட்டு இருக்கிறது; இலவச ஆஸ்பத்திரியானாலும் ஊழியர் கவலையீனத்துக்கு அரசாங்கம் பொறுப்பு என்று 1996-இல் தீர்ப்பாகியிருக்கிறது. இப்பொழுதுள்ள 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் சட்டப்படி 2 வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். வக்கீல் இல்லாமல் தாமேயும் வாதாடலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி செய்ய மாவட்டந்தோறும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

எல்லாவற்றிற்கும் முன்னால், சிகிச்சைக் குறிப்புகளை எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டர் கொடுத்தாக வேண்டுமென்பது 2002-ஆம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் விதி. பரிகாரம் செய்து திரிந்தால் அந்த 2 வருஷமும் போய்விடும்; காகிதமும் காணாமற் போய்விடும்.

தோழர்களே! தலையில் எழுதியிருப்பதை இதுவரை எவனும் படித்ததில்லை. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் எழுதியிருப்பதை யாரும் படிக்கலாம். பெற்றவளைப் பழிப்பதை விட்டு, அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள் என்று கூறி என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.