நிலச் சொந்தத் தகராறும் குத்தகைக்காரரை வெளியேற்றும் வழக்கும்
(சீர்காழிக் குடியானவர்களுக்கான உபந்நியாசம்)



சம்பா அறுவடையாகிக் களத்தில் நெல் குவியும் காலத்தில் குத்தகைக்காரருக்கு நேரும் தர்மசங்கடம் ஒன்றுண்டு. நிலத்தின் சொந்தக்காரர் காலஞ்சென்றபின், குமாரர் ஒருபுறமும் பங்காளி மற்றொருபுறமும் வந்து, குத்தகை நெல்லைத் தமக்கே அளக்க வேண்டுமென்பர். ஒருவருக்கு அளந்தால் மற்றவர் பாக்கி என்பார். எவருக்கும் அளக்காவிடில் இருவருமே வெளியேற்ற வழி தேடுவர். எந்தக் கோர்ட்டு எதைத் தீர்மானிக்கும் என்பதை அறியாதவர், நியாயம் தம் பக்கமிருந்தும் நிலத்தை இழக்க நேரிடும்.

முற்காலத்தில் மிராசுதார் சொல்லே முடிவாயிருந்தது. 1952 ஆகஸ்டில், ராஜாஜி முதன் மந்திரியாயிருந்தபோது, சீர்காழி அடங்கிய அன்றைய தஞ்சை ஜில்லாவுக்கென்றே குத்தகைக்காரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் பிறந்தது. பின்னர் 1955-ம் வருஷத்து 25-வது சட்டம், சாகுபடி செய்யும் குத்தகைதாரருக்கு ராஜ்யம் முழுவதிலும் பாதுகாப்பளித்தது. தம் உடலுழைப்பையோ குடும்பத்தாரின் உழைப்பையோ இட்டுப் பயிரிடுபவரே இச்சட்டத்தின்படி குத்தகைதாரர்.

இங்கு இரண்டு கேள்விகளைப் பிரித்தறிதல் அவசியம். நிலம் எவருக்குச் சொந்தம் என்பது முதற் கேள்வி. அதை முடிவாகத் தீர்ப்பது சிவில் கோர்ட்டு. சாகுபடியாளரை வெளியேற்றலாமா என்பது இரண்டாவது. அதற்கு நிலச் சொந்தக்காரர் ரெவின்யூ டிவிஷனல் ஆபீசரிடமே மனுச் செய்ய வேண்டும். அவ்வதிகாரிக்குரிய விஷயத்தில் சிவில் கோர்ட்டு தலையிடலாகாதென்று 6-வது பிரிவு தடுக்கிறது. சுவாதீனம் கோரியோ தடையுத்தரவு கோரியோ சிவில் கோர்ட்டில் வழக்கு வந்தாலும், பிரதிவாதி பாதுகாப்புக்குரிய குத்தகைதாரர் என ருஜுவானால், வழக்கை அவ்வதிகாரிக்கு மாற்ற வேண்டுமென்பது 6-ஏ பிரிவு. ஆதலால் சம்மன் வந்ததும் வாளாவிருத்தல் கூடாது. ஆஜராகிக் குத்தகையை ருஜுப்படுத்த வேண்டும்.

பாக்கி, நிலத்துக்குக் கேடு செய்தல், சாகுபடியைக் கைவிடல், வேளாண்மையல்லாத காரியத்துக்கு உபயோகித்தல் ஆகியவற்றோடு, சொந்தக்காரரின் பாத்தியதையை வேண்டுமென்றே மறுத்தலும் வெளியேற்றத்துக்குக் காரணமாகும். "நிலம் உம்முடையதன்று" என வீம்புக்குச் சொல்பவர் தம் வேரைத் தாமே வெட்டிக்கொள்கிறார். "இருவர் கேட்கின்றனர், உரியவர் எவரெனத் தீர்மானமாகட்டும்" என்று நேர்மையாகக் கூறுவதோ வேறு.

அவ்வாறு கூறுபவர் கையில் நெல்லை வைத்திருத்தலும் தகாது. குத்தகையையோ, அன்றைய மார்க்கெட் விலைப்படி அதன் கிரயத்தையோ 3-வது பிரிவின்படி உரிய கோர்ட்டில் கட்டிவிட வேண்டும். சொந்தக்காரர் எவரென்ற வழக்கு எத்தனை வருஷம் நீடித்தாலும், உரிய தொகை தவணை தவறாது கட்டப்பட்டிருந்தால் பாக்கி என்ற ஆயுதம் எவர் கையிலும் இராது. முன்பே பாக்கி விழுந்திருப்பினும், இரு தரப்பாரின் நிலைமையையும் கவனித்து அதைக் கட்டத் தவணை கொடுக்க அதிகாரிக்கு இடமுண்டு.

1969-ம் வருஷத்து 10-வது சட்டத்தின்படி தயாரிக்கும் குத்தகைப் பதிவேட்டில் பெயர் ஏறியிருத்தல் பெரிய பலம். அளந்த நெல்லுக்கு ரசீது பெறுதலும் அத்தகையதே. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா? இன்று களத்தில் வாங்கும் சிறு காகிதமே நாளை கோர்ட்டில் குடியானவருக்காகப் பேசும் வாய்.