பாட்டா, அலகா?

வேப்பமரத்தில் மறைந்திருந்து கூவும் குயிலுக்கு எதிர்க்குரல் கொடுத்துப் பார்க்காத சிறுவர் நம் ஊர்களில் உண்டோ? நாம் கூவக் கூவ, அது மேலும் குரலை உயர்த்திக் கூவும். பாட்டுத் தோழன் கிடைத்த மகிழ்ச்சி அதற்கு என்றே நான் எண்ணியிருந்தேன். ஆசிரியனான பின்னரும், பறவைகள் உள்ளக் களிப்பினால் பாடுகின்றன என்று கரும்பலகையில் எழுதிப் பல ஆண்டுகள் கற்பித்தேன். அதைத் திருத்திக்கொள்ளவே இன்று உங்கள் முன் பேசுகிறேன்.

ஆண் பறவையின் பாட்டு, 'இஃது என் எல்லை, உள்ளே வாராதே' என்னும் எச்சரிக்கை என்று அறிஞர்கள் நெடுங்காலமாகவே கூறிவந்தனர். ஆனால் அதை மெய்ப்பிப்பது எங்ஙனம்? பாடும் பறவையே வந்தவனைக் கொத்தி விரட்டவும் செய்கிறது. வந்தவன் அஞ்சுவது பாட்டுக்கா, அலகுக்கா? கண்ணால் எத்தனை நாள் பார்த்திருந்தாலும் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. பறவையை நீக்கிவிட்டுப் பாட்டை மட்டும் அங்கே நிறுத்த வேண்டும். அதற்கு உதவியது ஒலிப்பதிவுக் கருவி.

பறவையின் குரலைப் பதிவு செய்வது புதிதன்று. 1889-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் லுட்விக் கோக் என்னும் எட்டு வயதுச் சிறுவன், வளர்ப்புப் பறவை ஒன்றின் பாட்டை மெழுகு உருளையில் பதிந்தான். அப்பறவை, நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வாழும் சோலைபாடி! ஆயினும் அது கேட்டு மகிழ்வதற்கான பதிவு. பறவையிடமே வினா எழுப்பும் பதிவு வேறு.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகருக்கு அருகே வைட்டம் என்றொரு காடு உண்டு. அங்கே நம் பட்டாணிக் குருவிக்கு நெருங்கிய உறவான ஒரு சிறு குருவி வாழ்கிறது. 1970-களில் ஜான் கிரெப்ஸ் என்னும் அறிஞர், அக்குருவிகளைப் பிடித்து அவற்றின் எல்லைகளைக் காலியாக்கினார். சில இடங்களில் ஒலிபெருக்கி வைத்து, பதிவு செய்த அக்குருவிப் பாட்டையே ஒலிக்கச் செய்தார். சில இடங்களை வாளா விட்டார். வேறு இடத்தில் தகரக் குழலின் ஓசையை ஒலிக்கச் செய்தார்.

குழலோசை எதற்கு? என் வகுப்பாக இருந்தால் இங்கே நிறுத்தி உங்களையே கேட்டிருப்பேன். குருவிகள் வெறும் சத்தத்துக்கே அஞ்சியிருக்கலாம் அல்லவா? அந்த ஐயத்துக்கு இடம் வைக்காமல் செய்வதே சோதனை.

ஓசையற்ற இடங்களிலும் குழல் ஒலித்த இடங்களிலும் புதிய குருவிகள் விரைவில் குடியேறின. பாட்டு ஒலித்த இடங்களோ அவற்றைவிட நெடுநேரம் காலியாகவே இருந்தன. அலகின்றியே பாட்டு காவல் காத்தது! ஆனால் முடிவில் அங்கேயும் குருவிகள் புகுந்துவிட்டன. ஆளில்லாக் குரல் எத்தனை நேரத்துக்குத்தான் ஏமாற்றும்?

அண்மையில் என் பேர்த்தி, கைபேசியில் குயிலோசையை எங்கள் வேப்பமரத்தடியில் ஒலிக்கச் செய்தாள். மேலே இருந்த கருங்குயில் கிளைக்குக் கிளை தாவித் தாவிக் கூவியது. இரண்டாம் முறையோடு நிறுத்தச் சொன்னேன். "ஏன் தாத்தா, அதற்கும் பிடிக்கத்தானே செய்கிறது?" என்றாள். என் கரும்பலகை எனக்கு நினைவுக்கு வந்தது. வராத பகைவனைத் தேடி அது அலைகிறது என்று அவளுக்கு விளக்கினேன்.