மரபணுச் சோதனை என்றதும் மலைக்க வேண்டாம்

(டி. கல்லுப்பட்டி மருத்துவ முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சாதாரணமாக மைக்ரோலிட்டருக்கு 4,000 முதல் 11,000 வரை இருக்கும். சிலருக்கு லட்சத்தையும் தாண்டும். அது 'சிஎம்எல்' எனும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம். அசதி, எடை குறைவு, இடது விலாவுக்குக் கீழே கனம் இருக்கும். ஒன்றுமே தெரியாமலும் இருக்கும்.

இதை உறுதி செய்ய 'பிசிஆர்-ஏபிஎல்' என்ற மரபணுச் சோதனை வேண்டும். மரபணுன்னு சொன்னதுமே வீட்டில், "பரம்பரை வியாதியா? பொண்ணுக்கு வரன் பார்க்கிறோமே?" என்று பதறுகிறார்கள். பதற வேண்டாம். இது பெற்றோரிடமிருந்து வருவதில்லை, பிள்ளைகளுக்கும் போகாது, தொட்டால் ஒட்டாது. பிறந்த பிறகு, எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஓர் அணுவில் 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1960-இல் இந்தக் கோளாறு முதலில் தெரிந்தது. துண்டுகள் இடம் மாறுவதை 1973-இல் ஜேனட் ரவுலி கண்டறிந்தார்.

கிணத்து மோட்டார் சுவிட்சு ஒட்டிக்கிட்டா, தண்ணி நிரம்பினாலும் ஓடிக்கிட்டே இருக்கும்ல? அதுபோலத்தான் வெள்ளை அணுக்கள் பெருகுகின்றன. அந்தச் சுவிட்சை அணைக்கும் மாத்திரை இமாடினிப். சுவிட்சு அதுதானா என்று சொல்வது இந்தச் சோதனை. அதனால் முதலில் சோதனை, பிறகு மாத்திரை.

இந்த மாத்திரைக்கு வெளிநாட்டுக் கம்பெனி கேட்ட காப்புரிமையைச் சென்னை காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. 2013 ஏப்ரல் 1-இல் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. நம் நாட்டுக் கம்பெனிகள் குறைந்த விலையில் தயாரிக்க அது வழிவிட்டது.

மாத்திரை தொடங்கிய பிறகும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதே சோதனை தேவை. உடம்பு தேறிடுச்சுன்னு நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீங்க. வெளியே தெரியாமல் நோய் திரும்பக் கூடும்; அதை முன்கூட்டியே காட்டுவது இந்தச் சோதனைதான்.

வெள்ளை அணுக்கள் மிக அதிகம் என்று ரிப்போர்ட் வந்தால், அதை எடுத்துக்கொண்டு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போங்கள். ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை கையில் இருக்கட்டும். சோதனைக்கும் மாத்திரைக்கும் திட்டத்தில் என்ன உதவி கிடைக்கும் என்று காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். அட்டை இல்லாதவர்கள், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், வருமானச் சான்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் பண்ணுங்க.

பயத்தில் ரிப்போர்ட்டை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள்.